2,14,000 கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவா, 88,000 ஓடியதாகச் சொல்லும் இன்னோவாவா?

அல்சூர்வாசி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் குடியிருக்கிறேன். அலுவலகத்துக்கு மெட்ரோவில் போய்வருவதால் இதுவரை கார் இல்லாமலேயே காலம் ஓடிவிட்டது. இப்போது பெற்றோர் எங்களோடு வந்து தங்கிவிட்டார்கள். அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருப்பதால் பேருந்துப் படி ஏறுவதே அவருக்குப் பெரும்பாடாக இருக்கிறது. சேலத்தில் வீடும் கொஞ்சம் நிலமும் இருப்பதால், மாதம் ஒருமுறையாவது குழந்தைகளையும் சேர்த்து ஆறு பேராக அங்கே போய்வர வேண்டியிருக்கிறது. பெயர் மாற்றம், காப்பீடு, முதல் சர்வீஸ் எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்துக்கு மேல் என்னால் போக முடியாது. புதிதாக ஏழு பேர் அமரக்கூடிய நல்ல வண்டி இந்தத் தொகைக்குள் வராது என்பதால் பழைய வண்டி பார்க்கத் தொடங்கினேன்.

இப்போது இரண்டு வண்டிகளில் வந்து நிற்கிறேன். இரண்டுமே 2014ஆம் ஆண்டு இன்னோவா, 2.5 லிட்டர் டீசல். முதலாவது ஜெயநகரில் ஒருவரிடம் இருக்கிறது. அவர்தான் முதல் உரிமையாளர். மருந்து விநியோகத் தொழிலில் ஹாசன், மங்களூர், ஹூப்ளி என்று சுற்றியவர், தொழிலை விட்டுவிட்டதால் வண்டியை விற்கிறார். மீட்டர் 2,14,000 கிலோமீட்டர் காட்டுகிறது. விலை ஏழு லட்சத்து அறுபதாயிரம் கேட்கிறார். இதுவரை செய்த வேலைகளுக்கான ரசீதுகளையெல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார். பானெட்டில் சிறு கல் தெறித்த புள்ளிகள் நிறைய, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் கிழிந்திருக்கிறது, பார்வைக்கு வண்டி களைத்துத்தான் தெரிகிறது.

இரண்டாவது ஓசூர் ரோட்டில் ஒரு புரோக்கரிடம் நிற்கிறது. மீட்டர் 88,000 காட்டுகிறது, விலை எட்டு லட்சத்து தொண்ணூறாயிரம். புது சீட் கவர், பளபளவென்று பாலிஷ், கதவைத் திறந்தால் வாசனை. ஆனால் சர்வீஸ் புத்தகம் இல்லை. முந்தைய உரிமையாளர் வீடு மாறியபோது தொலைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

இரண்டு லட்சத்தைத் தாண்டிய டீசல் இன்ஜினைத் தொடவே கூடாது என்கிறார் என் மைத்துனர். அப்பாவோ வண்டியை விட்டுவிட்டு விற்கிற ஆளைப் பார் என்கிறார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், வண்டியைப் பார்க்கத் தெரியாது. 2,14,000 என்பது உண்மையிலேயே பயப்பட வேண்டிய எண்ணா? வாங்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்? பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்குத் தடை என்று செய்திகளில் வருகிறதே, அது இங்கேயும் வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பழைய டீசல் எழுதியது:

தம்பி, உங்கள் மைத்துனர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ஜே.சி. ரோட்டுப் பக்கம் பட்டறை வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். இரண்டு லட்சத்தோடு ஆயுள் முடிகிற இன்ஜின்களும் உண்டு, இது அந்த ரகமில்லை. நம் பக்கத்தில் பிடதியில் செய்து 2005இலிருந்து 2016 வரை விற்ற அந்தத் தலைமுறை இன்னோவா, காலத்தில் ஆயில் மாற்றப்பட்டிருந்தால் மூன்று லட்சம் கிலோமீட்டரை இன்ஜினைப் பிரிக்காமலே கடந்துவிடும். விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிற டாக்சிக்காரர் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். வண்டிக்கு வயதாவது முதலில் இன்ஜினைச் சுற்றியுள்ளவற்றில்தான் தெரியும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச், ரேடியேட்டர், அடியில் மூட்டுகளில் அதிர்வைத் தாங்குகிற புஷ்கள், ரப்பர் குழாய்கள் ஆகியவை ஒவ்வொன்றாகக் கைநீட்டிக் காசு கேட்கும். ஆகவே இன்ஜின் போய்விடுமோ என்று அஞ்சுவதைக் காட்டிலும், இவற்றில் எவை மாற்றப்பட்டுவிட்டன, எவை உங்கள் தலையில் விழப்போகின்றன என்று கேட்பதுதான் பயன்படும்.

கிலோமீட்டரை மட்டும் வைத்து வண்டியை எடைபோடுவதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. இன்ஜின் தேய்வது அது ஓடுகிற மணிக்கணக்கில், தூரத்தில் அல்ல. ஹாசன், மங்களூர் நெடுஞ்சாலையில் சராசரி 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டி 2,14,000 கிலோமீட்டரை ஏறக்குறைய 3,900 மணி நேரத்தில் கடந்திருக்கும். சில்க் போர்டு சந்திப்பிலும் கே.ஆர். புரம் பாலத்தடியிலும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊர்ந்த வண்டி, சராசரி 20 கிலோமீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 88,000 கிலோமீட்டருக்கு 4,400 மணி நேரம் இன்ஜினை ஓட்டியிருக்கும். கிளட்சும் பிரேக்கும் பட்ட பாடு தனிக்கணக்கு. அந்த 88,000 உண்மையாகவே இருந்தாலும்கூட, அதற்காக ஒரு லட்சத்து முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்க நியாயமில்லை.

உண்மையாக இருக்குமா என்பதையும் பார்ப்போம். பதினோரு ஆண்டுகளில் 88,000 என்றால் ஆண்டுக்கு எட்டாயிரம். ஆண்டுக்கு எட்டாயிரம் ஓட்டுகிறவர் கூடுதல் விலை கொடுத்து டீசல் இன்னோவா வாங்குவது அரிது. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்படிப்பட்டவர் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். டிஜிட்டல் மீட்டரைக் குறைத்து வைப்பது இன்று ஒரு மடிக்கணினியை வைத்து அரை மணி நேரத்தில் முடிகிற வேலை, மீட்டரில் எந்தத் தடயமும் இருக்காது. தடயத்தை வேறு இடங்களில் தேட வேண்டும். புது சீட் கவரைக் கொஞ்சம் தூக்கி, அடியில் ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க விளிம்பைப் பாருங்கள், இறங்கி ஏறும்போது உராய்வது அந்த இடம்தான். கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா, அல்லது அந்த ஒரு ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டுமே சந்தேகத்துக்கு உரியவை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டும் எந்த ஆண்டு என்பதைச் சொல்லும். 88,000 ஓடிய வண்டியில் இரண்டாவது செட் டயர் தேய்கிற நிலையில் இருக்க வேண்டும், எத்தனை செட் மாறியிருக்கிறது என்று விற்பவரைச் சாதாரணமாகப் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள்.

வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் இயங்க வைப்பதற்கு இந்த இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட், செயின் அல்ல. கம்பெனி கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் அதை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் விட்டு ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினைத் திறக்க வேண்டிய நிலை வந்துவிடும். ஜெயநகர் வண்டியில் அது எப்போது மாற்றப்பட்டது, உடன் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் மாற்றப்பட்டதா என்று ரசீதில் தேடுங்கள். பெல்ட் மாற்றுகிற மெக்கானிக்குகள் பலர் பெல்ட் மூடியின் மேலேயே மார்க்கர் பேனாவால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வைப்பது வழக்கம். இரண்டு வண்டியிலும் டார்ச் அடித்து அந்த இடத்தைப் பாருங்கள்.

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள், நீங்கள் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கூலன்ட் தொட்டியைத் திறந்து எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஆயில் ஊற்றுகிற மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால், ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்தபின் பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஏற்றத்தில் அழுத்தும்போது கரும்புகை கொட்டினால் இன்ஜெக்டரையோ காற்று போகும் வழியையோ பார்க்க வேண்டும். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின் மேலேயே வைத்துப் பாருங்கள். டீசலில் கொஞ்சம் ஆவி வருவது இயல்பு, மூடி குதித்து விழுகிற அளவுக்கு உள்ளிருந்து காற்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள், அதற்கு மேல் அந்த வண்டியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

சமதரையில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முடிந்தால் நந்தி மலை ஏற்றத்துக்கு ஒரு முறை எடுத்துப் போய் வாருங்கள். வெப்பமானியின் முள் நகர்கிறதா, மூன்றாம் கியரில் அழுத்தும்போது இன்ஜின் மட்டும் உறுமி வண்டி பின்தங்குகிறதா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். இரண்டாவது செய்தி கிளட்ச் முடியப்போகிறது என்பது. அது பயப்படுகிற விஷயமல்ல, விலையில் கழிக்கிற விஷயம்.


கோப்பும் கையெழுத்தும் எழுதியது:

மேலே பழைய டீசல் அண்ணன் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார். காகிதங்களைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பழைய வண்டி வாங்கிவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைகிறவர்களில் பெரும்பாலோருக்கு இன்ஜினில் ஒரு குறையும் இருப்பதில்லை.

தடை பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். பத்து ஆண்டு டீசல், பதினைந்து ஆண்டு பெட்ரோல் என்ற கட்டுப்பாடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் பிறப்பித்த ஆணையிலிருந்து வந்தது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது, 2025இல் அதே நீதிமன்றம் அதைத் தளர்த்தவும் செய்தது. ஆனால் அது தில்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர் வட்டாரத்துக்கும் உரியது, கர்நாடகத்துக்கு அல்ல. இங்கே தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும், அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரல் முதல் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய் ஆகிவிட்டது. உங்கள் இரண்டு வண்டிக்கும் 2029இல் அந்தக் கட்டம் வரும். அப்போது நீங்கள் விற்க நினைத்தால் வாங்குகிறவரும் இதே கணக்கைப் போடுவார் என்பதை இப்போதே நினைவில் வையுங்கள்.

இந்தக் கட்டுப்பாட்டின் மறுபக்கம் ஒன்று நம் ஊரில் தெரிகிறது. தில்லியில் ஓட்ட முடியாமல் போன வண்டிகள் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்கு வருகின்றன, பார்க்க மலிவாகவும் இருக்கும். வேறு மாநில எண் உள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும், அப்போது கர்நாடகத்தின் வாழ்நாள் வரி வந்து விழும். நாட்டிலேயே அதிக வரி வாங்குகிற மாநிலங்களில் இது ஒன்று. நீங்கள் பார்த்திருக்கிற இரண்டும் இங்கேயே புதிதாகப் பதிவானவையா, இல்லை வேறெங்கோ பதிவாகிப் பின்னால் கே.ஏ. எண் வாங்கியவையா என்பதை ஆர்.சி.யில் உறுதிசெய்யுங்கள்.

ஓசூர் ரோட்டு வண்டி விஷயத்தில் எனக்கு வேறொரு கேள்வியும் இருக்கிறது. இந்த ஊரில் ஐ.டி. நிறுவனங்களுக்கு ஆள் ஏற்றுகிற வேலையில் எத்தனை இன்னோவாக்கள் ஓடின என்பது எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் போர்டாக இருந்ததைச் சட்டப்படியே தனியார் வண்டியாக மாற்றி வெள்ளை போர்டு மாட்டலாம், அதில் குற்றமில்லை, அதைச் சொல்லாமல் விற்பதில்தான் குற்றம். ஆர்.சி.யில் வண்டியின் வகையையும் உரிமையாளர் வரிசை எண்ணையும் பாருங்கள். பழைய காப்பீட்டு ஆவணங்களைக் கேளுங்கள், அது தனியார் கார் பாலிசியா, பயணிகள் வாகனப் பாலிசியா என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும். எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் பதிவு தேதி, காப்பீடு, கடன் இருப்பு ஆகியவை வந்துவிடும். வண்டி எண்ணைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டால் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று சில இடங்களில் சொல்வார்கள். உரிமையாளர் உடன் வந்தால் நிச்சயமாகக் காட்டுவார்கள். ஆகவே உரிமையாளரை உடன் அழைக்க மறுக்கிற புரோக்கரிடம் வாங்காதீர்கள்.

காப்பீட்டிலிருந்து இன்னொரு செய்தியும் கிடைக்கும். விற்பவரின் கடைசிப் பாலிசியில் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் என்று இருந்தால், குறைந்தது ஐந்து ஆண்டுகளாக அவர் காப்பீட்டில் இழப்பீடு கேட்கவில்லை என்று பொருள். அந்தச் சலுகை அவருடையது, வண்டியோடு உங்களுக்கு வராது, எனவே உங்கள் பிரீமியத்தை அது இல்லாமல் கணக்கிடுங்கள். பெயர் மாறிய பதினான்கு நாட்களுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, கடன் இருந்திருந்தால் வங்கியின் சான்றும் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம், இவ்வளவும் கையில் வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். போக்குவரத்து அபராத பாக்கி எவ்வளவு என்று வண்டி எண்ணை வைத்துப் பார்த்து, அதை விற்பவரையே கட்டச் சொல்லுங்கள். பெங்களூர் வண்டிகளில் அந்தத் தொகை சில சமயம் மலைக்க வைக்கும். 2023இலும் 2025இலும் பாதித் தள்ளுபடி அறிவித்துத்தான் அரசே வசூலிக்க வேண்டியிருந்தது.


தொப்பூர் கணவாய் எழுதியது:

இரண்டில் எது என்று எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் என்று சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும் அல்லவா?

ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் டீசல் இன்னோவா வாங்குவது அரிது என்று பழைய டீசல் அண்ணன் எழுதியிருக்கிறார். கேள்வி கேட்டவரின் கணக்கைப் பாருங்கள். அலுவலகம் மெட்ரோவில், மாதம் ஒருமுறை சேலம், போகவர சுமார் 400 கிலோமீட்டர், நகருக்குள் மருத்துவமனை, கடை என்று இன்னும் கொஞ்சம். அவரும் ஆண்டுக்கு ஏழாயிரம், எட்டாயிரத்தைத் தாண்டப் போவதில்லை. அவ்வளவு ஓட்டத்துக்கு டீசலில் மிச்சமாகிற பணம் ஒரே ஒரு செட் இன்ஜெக்டர் வேலையில் போய்விடும். அதோடு, வாரக்கணக்கில் நிறுத்தி வைத்துச் சிறு சிறு தூரம் ஓட்டுவது பழைய டீசல் வண்டிக்கு நல்லதல்ல, பேட்டரியும் இறங்கும், குழாய்களில் கரியும் படியும்.

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புதிய வண்டியின் விலை இறங்கினால் இரண்டு, மூன்று ஆண்டு பழைய வண்டியின் விலையும் தானாக இறங்கும். உங்கள் ஒன்பது லட்சத்தில் ஐந்தரை அல்லது ஆறு லட்சத்துக்கு அப்படியொரு சிறிய பெட்ரோல் காரை நகரத் தேவைக்கு வாங்கிக்கொண்டு, மாதம் ஒருமுறை ஆறு பேராகச் சேலம் போகும்போது மட்டும் ஓட்டுநரோடு ஓர் இன்னோவாவை வாடகைக்கு எடுத்தால், மிச்சப் பணத்தின் வட்டியே அந்த வாடகையில் ஒரு பகுதிக்கு வரும். சேலம் போகிற வழியில் தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே, பிரேக் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாத வண்டியில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இறங்குவதை விட இது எனக்கு நிம்மதியாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகம் ஓடிய வண்டிக்குச் சொந்தக்காரர் ஆகிறவருக்கு நம்பகமான ஒரு மெக்கானிக்கும், ஆண்டுக்கு ஓரிரு முறை வண்டி பட்டறையில் நிற்பதைப் பொறுத்துக்கொள்கிற மனமும் வேண்டும். வண்டியைப் பார்க்கத் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.


அல்சூர்வாசி எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு வண்டிகளையும் மறுபடி போய்ப் பார்த்தேன், எனக்குத் தெரிந்தவர் மூலம் கிடைத்த ஒரு மெக்கானிக்கையும் கூலி பேசி அழைத்துப் போனேன்.

ஓசூர் ரோட்டு வண்டி காலையிலேயே சூடாக இருந்தது. பார்க்கிங்கிலிருந்து எடுத்து வெளியே நிறுத்தினோம் என்றார்கள். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பார்த்த மெக்கானிக், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் கறை எதுவும் இல்லை, வெள்ளத்தில் நின்ற வண்டி இல்லை என்று சொன்னபோது எனக்கு ஒரு நப்பாசை வந்ததை மறுக்க மாட்டேன். பிறகு அவர் டைமிங் பெல்ட் மூடியில் டார்ச் அடித்தார். மார்க்கரில் எழுதியதை யாரோ பெட்ரோல் தோய்த்த துணியால் துடைத்திருக்கிறார்கள். தேதி போய்விட்டது, ஆனால் கிலோமீட்டர் எழுதிய இடத்தில் 1, 4, 9 என்ற முதல் மூன்று இலக்கங்கள் மங்கலாக இருந்தன, அவற்றுக்குப் பின் இன்னும் மூன்று இலக்கங்கள் இருந்ததற்கான கோடுகளும் தெரிந்தன. 88,000 ஓடிய வண்டியில் ஒன்றரை லட்சத்தை ஒட்டிப் பெல்ட் மாற்றப்பட்டிருக்கிறது. புரோக்கரிடம் காட்டினேன். வேறு வண்டியின் மூடியை எடுத்துப் போட்டிருப்பார்கள் என்றார். அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

ஜெயநகர் வண்டி குளிர்ந்திருந்தது. ஒரே சாவியில் பிடித்தது, முதலில் லேசாக வெண்புகை வந்து நின்றுவிட்டது. ஆயில் மூடியைத் தலைகீழாக வைத்தபோது ஆடியது, குதிக்கவில்லை. கோப்பில் டைமிங் பெல்ட் இரண்டு லட்சத்துக்குச் சற்று முன்பு டென்ஷனரோடு மாற்றிய ரசீது இருக்கிறது. டர்போவிலும் குறை தெரியவில்லை என்கிறார் மெக்கானிக். ஆனால் கிளட்ச் முடியும் தறுவாயில் இருக்கிறது, முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்கள் போய்விட்டன, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டக்கென்ற சத்தம் கேட்கிறது, நான்கு டயரும் 2019ஆம் ஆண்டுத் தயாரிப்பு. எல்லாவற்றுக்கும் கூலியோடு சேர்த்து சுமார் 85,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். கடைசி இரண்டு பாலிசியிலும் போனஸ் 50 சதவீதம் இருக்கிறது. ஆர்.சி.யில் தொடக்கம் முதல் ஒரே பெயர்தான்.

தொப்பூர் கணவாய் சொன்ன யோசனையை வீட்டில் இரண்டு மாலை முழுவதும் பேசினோம். கணக்கில் அவர் சொல்வது சரி. ஆனால் அப்பாவுக்கு மாதத்தில் இரண்டு, மூன்று முறை மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறது, அவரால் சிறிய காரின் தாழ்ந்த இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்து எழ முடியவில்லை. உறவினர் ஒருவரின் சிறிய காரில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டே இதைச் சொல்கிறேன். இன்னோவாவின் இருக்கை உயரத்தில் அவர் இறங்குவது சுலபமாக இருக்கிறது. அதனால் ஜெயநகர் வண்டியின் பக்கம்தான் மனம் போகிறது. என்ன விலை சொல்லலாம்?


பழைய டீசல் எழுதியது:

அந்த மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள் தம்பி, வேலை தெரிந்தவர்.

85,000 முழுவதையும் விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்டால் விற்பவர் முகம் சுளிப்பார். 2,14,000 ஓடிய வண்டியில் இவையெல்லாம் இருக்கும் என்று எண்ணித்தானே அவரும் விலை வைத்திருக்கிறார். மதிப்பீட்டுத் தாளை அவர் முன்னால் வைத்து, கிளட்சும் புஷ்ஷும் உங்கள் கணக்கு, டயர் என் கணக்கு என்று பேசுங்கள். ஆறு லட்சத்து தொண்ணூறாயிரத்தில் தொடங்கி ஏழு லட்சத்து இருபதுக்குள் முடிந்தால் நல்ல விலை. ஏழு நாற்பதுக்கு மேல் போனால், அதே தொகைக்குப் புஷ் மாற்றிய, நல்ல டயர் உள்ள வேறு வண்டி சந்தையில் கிடைக்கும். டயரைத் தள்ளிப்போடாதீர்கள், பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ளம், எவ்வளவு மீதமிருந்தாலும் 2019ஆம் ஆண்டு ரப்பரோடு தொப்பூரில் இறங்க வேண்டாம். அந்த இடத்தில் கணவாய்க்காரர் சொன்னதுதான் சரி, பிரேக்கையும் அதே கையோடு பிரித்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வாங்கிய உடன் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். அந்த நாளின் கிலோமீட்டரிலிருந்து உங்கள் கணக்கு தொடங்கட்டும். அவர் கொடுக்கிற கோப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள், அதன் கடைசித் தாளுக்குப் பின்னால் உங்கள் ரசீதுகளைச் சேர்த்து வாருங்கள், 2029இல் விற்கப் போகும்போது கேட்பார்கள்.


தொப்பூர் கணவாய் எழுதியது:

இருக்கை உயரம் என்ற காரணம் எனக்குத் தோன்றவில்லை, அது நியாயமான காரணம். டீசல் வேண்டாம் என்ற கருத்தை மட்டும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. வாங்கிவிட்டால் வாரத்துக்கு ஒரு நாளாவது வெளிவட்டச் சாலையிலோ தும்கூர் சாலையிலோ அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அல்சூரிலிருந்து மருத்துவமனைக்கும் அங்கிருந்து வீட்டுக்குமாக மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால், அடுத்த கேள்வியை புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புகிற இ.ஜி.ஆர். வால்வு கரியில் அடைத்துக்கொண்டது பற்றித்தான் கேட்பீர்கள்.